பெரும்பான்மை நாக்கு

பீப்பாயிலிருந்த மதுவை ருசிபார்க்க இருவரை அழைத்தார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை வருகிறது என்றார் ஒருவர். இன்னொருவருக்கோ அதில் இரும்பு ருசி தட்டியது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் கிடந்தது, தோல்வாரில் கோத்த ஒரு பழைய சாவி. 'டான் கிஹோத்தே' நாவலில் வரும் இந்தக் கதையை, ருசியின் அளவுகோல் பற்றி 1757இல் வெளியான தன் கட்டுரையில் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் எடுத்தாண்டார். ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது என்றால், ஒருவர் சொல்வதுதான் சரி என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

தத்துவவாதிகள் பதில் சொல்லட்டும் என்று உணவு ஆய்வுக்கூடங்கள் காத்திருக்கவில்லை. பயிற்சி பெற்ற ஒரு சிறு குழுவைத் தனித்தனித் தடுப்புகளில் உட்காரவைத்து, எண் மட்டும் ஒட்டிய கிண்ணங்களைக் கொடுத்து, புளிப்பு, கசப்பு, மொறுமொறுப்பு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொல்கின்றன. தலைவலி அதற்குப் பிறகு வரும் கணக்குதான். நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிறுவனமும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேனல்செக் என்ற இலவச மென்பொருள் அதைக் குறைத்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் அட்டவணையை ஏற்றிவிட்டு, யார் குழுவோடு ஒத்துப்போகிறார், யார் விலகி நிற்கிறார் என்று படமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

வில்லங்கமும் அங்கேதான். விலகி நிற்கும் புள்ளியைப் பார்த்ததுமே, இவர் நாக்கு சரியில்லை என்று முடிவுகட்டக் கை துறுதுறுக்கும். குழு சொல்வதே உண்மை என்ற தீர்ப்பு, யாரும் விவாதிக்காமலே உள்ளே நுழைந்துவிடுகிறது. ஹ்யூமின் இருவரையும் அந்தப் படத்தில் போட்டால் இரண்டு பேரும் ஓரத்தில்தான் நிற்பார்கள்.

மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அதிலேயே இன்னொரு படமும் உண்டு. ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது ஒருவர் அதே மதிப்பெண்ணைப் போடுகிறாரா, வெவ்வேறு மாதிரிகளுக்கிடையே வித்தியாசம் கண்டுபிடிக்கிறாரா என்று அது காட்டும். வாய்க்கு வந்ததைச் சொல்பவர் அதில் மாட்டிக்கொள்வார். தனியாக நின்றாலும் உறுதியாக நிற்பவர் தப்பிவிடுவார். இந்த இரண்டாவது படத்தையும் திறந்து பார்ப்பதுதான் நேர்மை. அவசரத்தில் அது எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ!

இரண்டு நாக்குகள் முரண்பட்டும் இரண்டுமே சரியாக இருப்பதுண்டு. 1931இல் டூபாண்ட் நிறுவன வேதியியலர் ஆர்தர் ஃபாக்ஸின் ஆய்வகத்தில் பி.டி.சி. என்ற பொருளின் தூள் காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸின் நாக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவர் சொன்னதும் உண்மை. இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு டி.ஏ.எஸ்.2ஆர்.38 என்ற ஒரே மரபணுவுக்கு உரியது என்பது 2003இல் தெரியவந்தது. இங்கே சராசரி எடுத்தால் வரும் மிதமான கசப்பு, இருவரில் யாருமே உணராத ஒன்று.

ருசிபார்க்கும் குழுக்களின் நடைமுறையிலோ, விலகி நிற்பவருக்கு மறுபயிற்சி கொடுப்பார்கள். செறிவு தெரிந்த கரைசல்களை வைத்து, இதற்கு இத்தனை மதிப்பெண் என்று பழக்குவார்கள். அடுத்த சுற்றில் அவர் புள்ளி மற்றவர்களோடு போய்ச் சேரக்கூடும். அவருடைய நாக்கு கூர்மையடைந்ததா, அல்லது மற்றவர்கள் எங்கே குறியிடுவார்கள் என்பதைக் கை கற்றுக்கொண்டதா என்பதை மதிப்பெண்களை மட்டும் வைத்துப் பிரித்தறிய வழியில்லை.