சும்மா ஊர் சுற்றுவது வீணா?



ஞாயிறு பூசை முடிந்து பலகாரம் ஆனதும் பல வீடுகளில் நடக்கும் ஒரு சிறு வழக்கை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். 17 வயதுப் பிள்ளை சைக்கிளை வெளியே தள்ளுகிறான். "எங்கேடா கிளம்பிவிட்டாய்?" என்கிறாள் தாய். "சும்மா, ஒரு சுற்று." "யாரோடு?" "தனியாகத்தான்." "எந்தப் பக்கம்?" "போய்ப் பார்க்கிறேன் அம்மா."

இந்தப் பதில்களில் ஒன்றாவது அவளுக்குத் திருப்தி தருவதாயில்லை. கடைக்குப் போகிறேன் என்றால் நியாயம். டியூஷனுக்கு என்றால் இன்னும் நியாயம். காரியம் ஒன்றுமின்றி, துணை ஒன்றுமின்றி, பிறந்து வளர்ந்த சென்னைப் பட்டணத்தையே சுற்றிப் பார்க்கப் போவது காலத்தை வீணாக்குவதன்றி வேறென்ன என்று அவள் கேட்கிறாள். தகப்பனாரும் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து தலையசைக்கிறார். இந்தக் கேள்வியை அற்பமென்று தள்ளிவிட முடியாது. கண்ணையும் காலத்தையும் எதற்காகச் செலவிடுகிறோம் என்பது பழைய தத்துவக் கேள்வி.

அர்ச். அகுஸ்தீனார் தம் வாழ்க்கையை எடுத்துரைக்கும் நூலின் 10ஆம் புத்தகத்தில் இதைப் பற்றி மிகக் கண்டிப்பாய் எழுதியிருக்கிறார். வயல் வழியே பிரயாணம் செய்கையில் ஒரு நாய் முயலைத் துரத்துகிறது. அவர் ஏறிவரும் விலங்கு வழியை விட்டு விலகவில்லை. அவருடைய மனமோ விலகி முயலின் பின்னே ஓடிவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் பல்லி ஈயைப் பிடிப்பது அவர் கவனத்தைக் கவர்ந்துவிடுகிறது. இவற்றிலிருந்து படைத்தவரைப் புகழும் எண்ணத்துக்குத் தாம் வந்து சேர்வதுண்டு என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் கவனம் அந்த எண்ணத்தோடு தொடங்கவில்லையே என்று வருந்துகிறார். பல்லிக்காக இவ்வளவு வருத்தம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குழந்தைக்கு எந்த அறிவும் இப்படி வேடிக்கை பார்ப்பதில்தான் தொடங்குகிறது. தொடக்கம் சும்மா இருந்தது என்பதற்காக முடிவையும் சும்மா என்று தள்ளுவது நியாயமாகாது.

அர்ச். தோமாஸ் அக்வினார் இன்னும் நிதானமாய்ப் பிரித்துக் காட்டுகிறார். அறிய விரும்பும் நல்ல ஆர்வம் ஒன்று. வீண் வேடிக்கை மற்றொன்று. பார்க்கிறவன் தன் கடமையை விட்டுவிட்டுப் பார்த்தாலோ, பிறரை இச்சிக்கவோ இகழவோ பார்த்தாலோ அது வீண் வேடிக்கை. ஆகவே பிள்ளை திரும்பி வந்தபின் அவன் மனதில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்; கிளம்பும்போதே வாசலில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

சைக்கிளில் போகிறவனுக்கு அப்படி என்ன தங்கும்? தியாகராய நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே துணி வாங்காத குடும்பம் நம்மில் இராது. பஸ்ஸில் போய் இறங்கிப் பையோடு திரும்புகிறோம். சைக்கிளில் போகிறவனுக்கு ரயில்பாதைக்கு மேற்கே மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பலகை கண்ணில் படும். எங்கே லேக்? சுற்றிச் சுற்றி வருகிறான், வீடுகள்தாம் இருக்கின்றன. நுங்கம்பாக்கத்துக்கு வந்தால் 'டாங்க் பண்டு ரோடு'. அங்கும் ஏரியில்லை, கரையுமில்லை. கேட்டுப் பார்த்தால் தெரியவரும்: நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி ஒன்று இருந்தது, 1920களில் மாம்பலம் பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

பலகை கண்ணுக்குச் சொல்வதைச் சைக்கிள் காலுக்கும் சொல்கிறது. சென்னை தட்டையான ஊர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கார்க்காரருக்குத் தட்டைதான். மிதிக்கிறவனுக்கு எந்தத் தெரு ஒரு முழம் உயரம், எங்கே மிதிக்காமலே வண்டி உருள்கிறது என்பதெல்லாம் முழங்காலில் எழுதப்பட்டுவிடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. தண்ணீர் பழைய இருப்பிடத்தை மறக்கவில்லை, நாம்தான் மறந்துவிட்டோம். நாளை இந்தப் பிள்ளை ஒரு மனை வாங்கும்போதோ, வார்டு உறுப்பினரிடம் கேள்வி கேட்கும்போதோ அந்த முழங்கால் அறிவு உதவாதா?

சரி, தனியே ஏன், நாலு பேரோடு போகக்கூடாதா என்பீர்கள். போகலாம், தவறில்லை. ஆனால் நாலு பேராய்ப் போகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் ஊரைத் தங்களோடே கொண்டுபோய்த் தங்களோடே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். வழிகாட்டியோடு போகிறவனுக்கோ அவர் நிறுத்திய இடம்தான் ஊர். தனியே போகிறவன் வழி தவறினால் யாரையாவது கேட்டே ஆகவேண்டும். டீக்கடைக்காரரையோ, இஸ்திரி வண்டிக்காரரையோ, "அண்ணே, இந்தத் தெரு எங்கே போய் முட்டும்?" என்று கேட்க வேண்டும். கேட்பவன் அந்த நேரத்துக்காவது அவரைவிடச் சிறியவனாகிறான். இப்போது கைபேசியே இடம் வலம் சொல்லிக் கொடுக்கிறது. அது வசதிதான், ஆனால் அதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனிதரிடம் வழி கேட்டுவிட்டு நன்றி சொல்லாமல் வர முடியுமா? கைபேசி பையிலே இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும்.

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். பக்கிங்காம் கால்வாய் ஓரமாகவோ, இராயபுரம் தாண்டிக் காசிமேட்டுக்குள்ளோ நம் பிள்ளை சைக்கிளில் நுழைகிறான். அவனுக்கு அது புதுக் காட்சி. அங்கே இருப்பவர்களுக்கோ அது வீட்டு வாசல். சிறிய வீடாதலால் குளிப்பதும் சமைப்பதும் தலைவாருவதும் தெருவிலேயே நடக்கின்றன. வண்ண வண்ணமாய்ப் பிளாஸ்டிக் குடங்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கின்றன. பெரிய வீட்டுக்கு மதில் உண்டு. நம் கண்ணை அதுவே தடுத்துவிடும். இவர்களுக்கு மதில் நம்முடைய மரியாதை ஒன்றுதான். கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறவன் அந்த மதிலை ஏறிக் குதிக்கிறான். வறுமையைக் கண்டு "அடடா!" என்று சொல்லிக்கொண்டு போவதும் ஒருவகை வேடிக்கையே. கண்டவனுக்கு அதற்கப்புறம் அது தெரியாது என்று சொல்லும் சுதந்திரம் இல்லை. ஊரைப் பார்ப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை இது. கொடுக்க மனமில்லாதவன் கடற்கரைச் சாலையோடு நின்றுகொள்வது நல்லது.

குறுகிய சந்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள் என்பேன். இப்படிச் சொல்லும்போதே ஒரு கசப்பான விஷயம் நினைவுக்கு வருகிறது. நம் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில், உயர்ந்த சாதி என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் தெருவில் தலித் மக்கள் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, இறங்கித் தள்ளித்தான் போகவேண்டும் என்று கட்டாயப்படுத்தி வந்தார்கள். அந்தக் கொடுமை முற்றும் ஒழிந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். மரியாதைக்காக நாமாக இறங்குவது வேறு. இறங்கு என்று அதட்டப்பட்டு இறங்குவது வேறு. 'சும்மா' ஒரு தெரு வழியே போய்வருவது சிலருக்கு வீண் பொழுதுபோக்கு. வேறு சிலருக்கோ தலைமுறை தலைமுறையாய் மறுக்கப்பட்ட உரிமை.

பெண்மக்கள் விஷயமும் அப்படியே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கான பெண்கள் முன்வந்தார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோரும் அவர்களில் உண்டு. பரிகாசம் செய்தவர்கள் இல்லாமலில்லை. அவர்கள் பொருட்படுத்தவில்லை. தண்ணீருக்கும் சந்தைக்கும் போக அது உதவியது உண்மை. ஆனால் யாரையும் எதிர்பாராமல் தன் காலாலேயே ஓரிடம் போய்ச் சேரலாம் என்ற எண்ணம் எத்தனை குடம் தண்ணீருக்குச் சமம்? ஆகையால் மேலே சொன்ன வழக்கில் பிள்ளை என்பது மகளாக இருந்தாலும் வாதம் மாறாது. அனுமதி மட்டும் மாறுகிறதென்றால், ஏன் என்று பெற்றோர் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும்.

தாயின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. நம் சாலைகளில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையில் சைக்கிளுக்கென்று இடமில்லை. ஆகவே போக்குவரத்து விழிக்குமுன், விடிகாலை 5½ மணிக்கே கிளம்ப வேண்டும். மாலைப் பூசைக்கு வரும் குடும்பங்கள் ஞாயிறு காலையைத் தாராளமாய் இதற்கு விடலாம். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். அந்நாளில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார், இப்போது நிறுத்த ஆளில்லை என்பதால் வேண்டாம் என்று ஆகிவிடாது. தலைக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று வீட்டில் சொல்லிப் போகட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்காமலிருப்பது பெற்றோர் செய்யவேண்டிய ஒறுத்தல்.

முதன்முதல் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 1516ஆம் ஆண்டு என்று கல்வெட்டுள்ள லஸ் கோவிலிலிருந்து கிளம்புங்கள். காட்டுக்கோவில் என்று அதைச் சொல்வார்கள், அந்தக் காடு எங்கே என்று தேடிப் பாருங்கள். அங்கிருந்து தென்மேற்கே திரும்பிச் சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தில் சற்று நில்லுங்கள். இங்கே முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி. 1726இல் தம் சொந்தப் பணத்தில் கட்டியதோடு, அதைப் பராமரிக்கவும் பொருள் ஒதுக்கி வைத்தார். அந்தப் பாலம் இன்று இல்லை. மறைமலை அடிகள் பாலம் அந்த இடத்தில் நிற்கிறது. தாண்டினால் சின்னமலை. அப்பால் நேரே பரங்கிமலை. அந்த மலைக்கு ஏறும் படிகளையும் கட்டுவித்தவர் அதே உஸ்கான்தான். மேலே போக வண்டிப்பாதையும் இருக்கிறது. கியர் இல்லாத சைக்கிளில் அதை முயல வேண்டாம். வண்டியைக் கீழே பூட்டிவிட்டுப் படி வழியே ஏறுங்கள், தண்ணீர்ப் போத்தலை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.