கீறிய கை

மயிலையில் நான் பாடம் நடத்தும் வகுப்பில், முன்னோர் செய்த தொழிலைப் பற்றி எழுதி வருமாறு மாணவர்களிடம் சொன்னேன். ஒரு சிறுவன் வெற்றுத்தாளை நீட்டினான். தனியே அழைத்துக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: அவன் பாட்டியின் தாய் மருத்துவச்சி. மாடவீதி வீடுகள் பலவற்றில் பிள்ளைப்பேறு பார்த்தவர். கொல்லைப்புறமாக வருவாராம், குழந்தையைத் தாயிடம் தந்துவிட்டுக் கொல்லைப்புறமாகவே போவாராம். அவர் நின்ற இடத்தைக் கழுவிவிடுவார்கள். அவர் கையால் பிறந்த பிள்ளையைக் கொஞ்சுவார்கள்!

தோழர்களே, நாவிதர் என்று நாடு இழித்துரைத்த மக்களுக்கு மருத்துவர் என்பதும் ஒரு குலப்பெயர். கட்டியைக் கீறியவர் அவர். புண்ணைக் கழுவியவர் அவர். பேற்றுக் கட்டிலருகே நின்றவர் அவர் மனைவி. உயிர் காத்த கை இழிந்த கையானது எங்ஙனம்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, 1069ஆம் ஆண்டளவினது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையை அது விவரிக்கிறது. நோயாளிக்கு அரிசி, இரவெல்லாம் எரிய விளக்கு, இருப்பிலிருந்த மருந்துகளின் பட்டியல், பணிசெய்யப் பெண்கள்! பெருமைப்படத் தக்கதே, நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் ஊதியக் கணக்கையும் படிக்க வேண்டுமல்லவா? மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். அதற்கு மேல் காசும் உண்டு. சல்லியக்கிரியை செய்பவனுக்கு, அதாவது உடலைக் கீறிக் குணப்படுத்துபவனுக்கு, 30 கலம். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று கல் பெயர் சொல்கிறது. கீறியவன் பெயரைச் சொல்லவில்லை. தொழிலை மட்டுமே சொல்கிறது.

மனுவைச் சாடிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடலாம். மருத்துவனைச் சிராத்தப் பந்தியிலிருந்து விலக்கச் சொன்ன நூல்தான் அது. எனினும், மனுவின் பெயரே கேட்டறியாத ஐரோப்பாவிலும் இக்கதை நடந்ததே! 1215இல் உரோமில் கூடிய லாத்தரன் திருச்சபை மாமன்றம், உயர்நிலைக் குருமார் சுடுவதும் அறுப்பதுமான சிகிச்சையில் ஈடுபடலாகாது என்று விதித்தது. பல்கலைக்கழகத்து மருத்துவர் இலத்தீனில் காலனைப் படித்தார், சிறுநீர்க் குடுவையை உயர்த்திப் பார்த்தார், நாடி பிடித்தார். கத்தி? அது பெரும்பாலும் நாவிதனிடம் போயிற்று. இலண்டனில் 1540இல் நாவிதரும் அறுவையாளரும் ஒரே சங்கமாயினர். 1745 வரை அது பிரியவில்லை. இன்றைக்கும் அங்கே அறுவை நிபுணரை 'டாக்டர்' என்னாமல் 'மிஸ்டர்' என்றே அழைப்பது வழக்கம். நம் பிள்ளைகள் கனவு காணும் எம்.பி.பி.எஸ். பட்டமும் மருத்துவம், அறுவை என்னும் இரண்டு பட்டங்களை ஒட்டிய தையலே!

குர்துபாவில் ஒருவர் மட்டும் வேறு வழி நடந்தார். அல்-சஹ்ராவி, 1013 வாக்கில் மறைந்தவர். 30 பகுதிகள் கொண்ட மருத்துவப் பெருநூலை எழுதினார். இறுதிப் பகுதியை அறுவைக்கே ஒதுக்கினார். ஏறத்தாழ 200 கருவிகளைப் படம் வரைந்து காட்டினார். ஏடு பிடித்த கையே கத்தியும் பிடித்தது. அவரும் வருந்தத்தான் செய்தார்: உடற்கூறு அறியாதவர் கையில் இக்கலை சீரழிகிறது என்று. கற்றவர் கை விலகினால் கல்லாதவர் கை கொல்லும். அந்தக் கொலையைக் காட்டியே தொழிலையும் இழித்துரைப்பர். அவர் நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போயிற்று. ஐரோப்பிய அறுவையாளர் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தனர்.

இங்கே, சென்னையில், 1835இல் மருத்துவப் பள்ளி எழுந்தது. கத்தி கல்லூரிக்குள் போனதும் தீட்டு எங்கோ ஓடி ஒளிந்தது! குருதி மாறவில்லை, சீழ் மாறவில்லை. பட்டம் ஒன்றுதான் புதிது. நாவிதரின் நிழலுக்கு ஒதுங்கியவர்களே தம் மக்களை அறுவை நிபுணராக்க முந்தினர். தேவதாசி குலத்துத் தாயின் மகளான முத்துலட்சுமி ரெட்டி 1912இல் அங்கே பட்டம் பெற்றார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அதன் வாயிலில் எவரும் குலம் கேட்டு நிற்பதைக் கண்டதில்லை. வலி அவ்வளவு நேர்மையானது.

அச்சிறுவனிடம் திருமுக்கூடல் கணக்கைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்தான்.

"நெல்லை எழுதியவர்கள் பெயரை ஏன் எழுதவில்லை, ஐயா?" என்றான்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கொண்டான்.