எக்ஸ்ரே எடுத்தவருக்கே சொந்தம்

சுதீர் பட்வர்தன் ஓவியத்தைத் தானாகக் கற்றுக்கொண்டவர். புனேவில் மருத்துவம் படித்து, 1975 முதல் 2005 வரை மும்பையை ஒட்டிய தாணேயில் ரேடியாலஜிஸ்ட்டாக இருந்தார். பகலெல்லாம் எக்ஸ்ரே, மிச்ச நேரத்தில் கான்வாஸ். மார்க்சியம் படித்தவர் என்பதால் யாரை வரைவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை: உழைக்கிறவர்களை. எந்த உரிமையில் வரைவது என்பதில்தான் சிக்கல்.

எழுபதுகளின் படங்களில் ஒற்றை உடல் மொத்தச் சட்டகத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும். 1977இல் வரைந்த ‘இரானி ரெஸ்டாரன்ட்’ அப்படி ஒன்று. முதலில் பார்த்தபோது அசந்துபோனேன். திரும்பத் திரும்பப் பார்க்கையில் ஒரு சங்கடம் வந்தது. அந்த ஆளுக்கு அங்கே வேறு வேலையே இல்லை; நமக்காக உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல.

எண்பதுகளில் பட்வர்தன் பின்னால் நகர்கிறார். ரயில் பெட்டி, நடைமேம்பாலம், 1984இல் ‘டவுன்’. பிறகு ‘போக்ரான்’ (அணுகுண்டு வெடித்த போக்ரான் இல்லை, தாணேயில் இருப்பது). 2001இல் ‘லோயர் பரேல்’: 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிய பகுதி அது. மனிதர்கள் சின்னதாகிக்கொண்டே வருகிறார்கள், நகரம் பெரிதாகிறது. பின்னாளில் தன் வர்க்கத்தின் வீடுகளுக்குள்ளும் வந்துவிடுகிறார்.

இதைப் பின்வாங்கல் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். வயசானால் எல்லா இடதுசாரிகளும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று ஒரு நக்கல் வேறு. இப்போது அப்படித் தோன்றவில்லை. கூட்டத்தில் இருப்பவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். நம்மிடம் யாரும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தள்ளி நின்றதால் அவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ‘இரானி ரெஸ்டாரன்ட்’ ஆள் இன்னும் மனசில் இருக்கிறார். கூட்டத்தில் பார்த்த ஒரு முகத்தைக்கூட என்னால் சொல்ல முடியாது.

தூரத்தைச் சரிசெய்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. படம் கேலரிக்குப் போகும், அங்கிருந்து வசதியான ஒருவரின் வீட்டுக்குப் போகும். அவருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் சிறு நகரங்களுக்கு ஓவியக் கண்காட்சியைக் கொண்டுபோகும் முயற்சியில் முன்நின்றவர் அவர்.

எக்ஸ்ரேவில் இந்தப் பிரச்சினை கிடையாது. யாருடைய உடம்போ, அவரே அதைப் பெரிய கவரில் போட்டு, மடங்காமல் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குக் கொண்டுபோவார்.