கூட்டம் போகாத கரைக்குப் போங்கள்

ஆகஸ்ட் பிறந்ததும் பிரிட்டன் மூட்டை கட்டுகிறது. பிளாக்பூல், ஸ்கெக்னஸ், கார்ன்வால் என்று கரையெங்கும் தலைகள். காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் அலறல், பொரித்த மீன் வாடை, ஐஸ்கிரீம் வேனின் பாட்டு, தலைக்கு மேல் கடற்காகங்களின் கூச்சல். இதற்கு நடுவே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை அழைத்துப் போய், காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்ட பிள்ளையை வாரி எடுத்துக் காருக்கு ஓடிய பெற்றோரே, உங்களோடுதான் பேசுகிறேன். சுற்றி நின்றவர்களின் பார்வை இன்னும் முதுகில் குத்துகிறதா? உதறுங்கள்! பிள்ளையிடம் தப்பில்லை, வளர்ப்பிலும் தப்பில்லை. போன இடம் தப்பு. இடத்தை மாற்றுங்கள்.

விடுமுறை என்றால் கூட்டமும் கும்மாளமும்தான் என்று யார் விதித்தது? பில்லி பட்லின் தன் முதல் விடுமுறை முகாமை ஸ்கெக்னஸில் திறந்தது 1936-இல். சம்பளத்தோடு விடுப்புக்கு வழி செய்த சட்டம் 1938-இல் வந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் காலையில் ஒலிபெருக்கியில் எழுப்பி, நாள் முழுக்கக் கூட்டத்தோடு கூட்டமாக ஆடவைக்கும் அந்த முறை, தாத்தா காலத்து வியாபார ஏற்பாடு. உங்கள் குடும்பம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

1962-இல் லண்டனில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் ஒன்று கூடினார்கள். பிள்ளை இப்படி இருப்பதற்குத் தாயின் பாசக் குறைவே காரணம் என்று படித்தவர்களே கூசாமல் சொன்ன காலம் அது. அவர்கள் தொடங்கிய சங்கம்தான் இன்றைய நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி. அவர்களில் ஒருவர் லோர்னா விங். மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாய். ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்தது இல்லை, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒவ்வொரு விதமாக இருக்கும் என்று உலகுக்கு உணர்த்தியவர்களில் முக்கியமானவர். அந்தப் பெற்றோர் மருத்துவ உலகத்தோடு மல்லுக்கு நின்றார்கள். ஒரு விடுதிக்காரரிடம் “ஓரமாக, சத்தமில்லாத அறை கொடுங்கள்” என்று கேட்க உங்களுக்கு என்ன தயக்கம்?

கேட்பது பிச்சை இல்லை, சட்டம் தந்த உரிமை. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, சேவை தருபவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் இங்கிலாந்தில் 2019 முதல் புளூ பேட்ஜ் என்ற வாகன நிறுத்த அனுமதி அட்டை கிடைக்கிறது. விண்ணப்பம் போட்டீர்களா? காட்விக் விமான நிலையத்தில் 2016-இல் தொடங்கிய, கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டை உணர்த்தும் சூரியகாந்திப் பட்டையைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டக் கூசுகிறீர்களா? ரேடார் சாவி ஒன்று கைப்பையில் இருந்தால், கை உலர்த்தும் இயந்திரங்கள் வரிசையாக இரையும் பொதுக் கழிவறைக்குள் பிள்ளையை இழுத்துப் போராட வேண்டாம். பூட்டிய தனிக் கழிவறையைத் திறந்துகொள்ளலாம். நேஷனல் டிரஸ்ட் தோட்டங்களில், உதவிக்கு உடன் வருபவருக்குக் கட்டணம் இல்லை. ரயிலில் மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால், பிள்ளையோடு வரும் பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. கையில் காசே இல்லையா? 1973 முதல் இயங்கும் ஃபேமிலி ஃபண்ட் என்ற அறக்கட்டளை, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு விடுமுறைக்கும் உதவித்தொகை தருகிறது. எழுதிக் கேளுங்கள். மறுத்தால், அடுத்து விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும் நாளில் மறுபடி கேளுங்கள்!

காசு மிச்சமாவதும் கூட்டம் குறைவதும் ஒரே வழியில்தான். இன்னும் பள்ளிக்குப் போகாத பிள்ளையா, வீட்டில் படிக்கும் பிள்ளையா? மே, ஜூன், செப்டம்பர் உங்களுக்காகவே காத்திருக்கின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் வாடகை பெரும்பாலும் இன்னும் இறங்கும். பள்ளிப் பிள்ளை என்றால் பள்ளி நாட்களில் அனுமதியில்லாமல் அழைத்துப் போக முடியாது. 2024 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் அபராதமே 80 பவுண்டில் தொடங்குகிறது, அதுவும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோர் கட்ட வேண்டியது. அதற்கும் ஒரு வழி உண்டு. ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஜூன் கடைசியில் மூடி ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுகின்றன. இங்கிலாந்தில் திறப்பது செப்டம்பரில். ஆகஸ்ட் கடைசி வாரங்களில் எல்லையைத் தாண்டிப் போங்கள். எடின்பரோ பக்கம் தலைவைக்காதீர்கள், அங்கே திருவிழா. மேற்கே திரும்பினால் கல்லோவே. காடும் கடலும் சேர்ந்த பகுதி, பலர் வண்டியை நிறுத்தாமல் கடந்து போகிற பகுதி. 2009-இல் பிரிட்டனின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அங்குள்ள வனம்தான். இரவெல்லாம் உறங்காத பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? உறங்க வேண்டாம், போர்வை போர்த்தி வெளியே அழைத்து வாருங்கள், நட்சத்திரம் பார்க்கட்டும். மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சித் தொல்லை மட்டும் உண்டு. தோலில் எது பட்டாலும் துடிக்கிற பிள்ளைக்கு அது நரகம். அப்படியானால் காட்டை விட்டு, காற்று வீசும் கரையோரமாக வீடு பாருங்கள்.

எங்கே போவது என்பதைப் பிள்ளையின் பித்து முடிவு செய்யட்டும். ரயில் பித்தா? யார்க் நகரத்து ரயில் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிய மல்லார்ட் எஞ்சின் அங்கே நிற்கிறது. நீராவி எஞ்சின்களில் அந்த வேகத்தை இன்றுவரை எதுவும் முந்தவில்லை. வாரநாளில், கதவு திறக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பிள்ளை அந்த ஒரே எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வருகிறதா? வரட்டும்! மறுநாளும் அதே எஞ்சின்தான் வேண்டுமா? போங்கள்! “இவ்வளவு தூரம் வந்து மற்றதைப் பார்க்கவில்லையே” என்ற கவலை உங்களுடையது, பிள்ளையுடையது இல்லை.

வேல்ஸில் டாலிலின் என்றொரு குறுகிய இருப்புப்பாதை. 1951-இல், மூடப்படவிருந்த ரயிலைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள். உலகிலேயே முதலில் அப்படிக் காப்பாற்றப்பட்ட ரயில்பாதை அது. இத்தகைய ரயில்களில் கரி படிந்த கையோடு நிற்கும் பெரியவர்களிடம் உங்கள் பிள்ளை எஞ்சின் எண்களை ஒப்பித்தால் அவர்கள் முகம் சுளிக்கப் போவதில்லை. விட்டுப்போன எண்ணை எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளியில் ‘விசித்திரம்’ என்று ஒதுக்கப்பட்ட அறிவுக்கு மரியாதை கிடைக்கும் இடம் அது.

லண்டனிலும் சுற்றியும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. “எல்லாரும் வேன் பிடிச்சுப் போறம், நீங்களும் வாங்கோ, பிள்ளை நாலு பேரோட பழகினால் சரியாயிடும்” என்று சித்தப்பா சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார். வணக்கத்தோடு மறுத்துவிடுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதற்காகப் பிள்ளையை வேனில் ஏற்ற முடியுமா?

இரண்டு பிள்ளைகளுக்கும் ஆட்டிசம், ஒன்று சத்தத்தைத் தேடும், மற்றது சத்தத்துக்கு நடுங்கும் என்றால் எல்லாரும் சேர்ந்தே திரிய வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். அப்பாவோடு ஒன்று, அம்மாவோடு ஒன்று. சாயங்காலம் வீட்டில் கூடினால் போதும். தனி ஆளாக வளர்ப்பவர் என்றால் கூட ஒரு அக்காவையோ தோழியையோ கூப்பிடுங்கள், அதிலும் வெட்கம் வேண்டாம். மூன்றாம் நாளே பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் கிளம்பிவிடுங்கள். இரண்டு நல்ல நாள் கிடைத்ததே!

சமையலறை உள்ள வீடாக எடுங்கள்; வழக்கமான ஃபிஷ் ஃபிங்கரும் வழக்கமான தட்டும் கூடவே வரட்டும். வாடகை வீட்டுத் தளங்களில் ‘வேலியடைத்த தோட்டம்’ என்று ஒரு தேர்வு இருக்கும். நாய் வளர்ப்பவர்கள் தேடுவது. ஓடிவிடும் பிள்ளை உள்ளவர்களுக்கு அதைவிட உதவியான பொத்தான் இல்லை, கூசாமல் அழுத்துங்கள். பிறகு வீட்டுக்காரருக்கு இன்றிரவே எழுதுங்கள். வேலி எவ்வளவு உயரம், வாசல் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமா, பக்கத்தில் குளமோ சாலையோ உண்டா, பக்கத்து வீட்டு நாய் குரைக்குமா, வீட்டுக்குள் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? அந்தப் படங்களை ஒட்டிப் பிள்ளைக்கு ஒரு சிறு புத்தகம் செய்து, கிளம்பும் நாள் வரை தினமும் காட்டலாம். ஆட்டிசம் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். பதிலில் இழுபறி தெரிந்தால் கோபப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த வீட்டைப் பாருங்கள்.