இழப்பும் இன்பமும்

உடற்குறையுள்ள ஒருவர் கலை படைத்தால் நாம் முதலில் இரங்குகிறோம். பிறகே படைப்பைப் பார்க்கிறோம். இவ்வரிசை முறைதானா?

சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜிக்கு (1904–1980) இளமை முதலே ஒரு கண் தெரியாது. மற்றதிலும் பார்வை மங்கல். அந்த ஒரு கண்ணைக் கொண்டே, 1947-இல் அங்குள்ள ஹிந்தி பவனச் சுவர்களில் கபீர் முதலான இடைக்கால ஞானியரைத் தீட்டி முடித்தார். நெருங்கி நின்றாலன்றித் தெரியாத கண்ணுக்கு அத்தனை பெரிய சுவர் ஒருசேரத் தென்பட்டிருக்குமா? மனத்தில்தான் அது முழுமையாய் இருந்திருக்க வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் அறுவை சிகிச்சை பலிக்காமல் அந்தப் பார்வையும் போயிற்று. பின்னரும் காகிதத்தை வெட்டி ஒட்டினார். மெழுகில் உருவங்கள் பிடித்தார். கலாபவனத்துக்கு ஓடுகள் பதித்த சுவரோவியமும் அமைத்தார்.

இதைப் பொறுமை என்போம். வாய்மூடிக் கிடப்பதையே பொறுமை என எண்ணுவோர்க்கு இது விளங்குவது கடினம். காகித விளிம்பை விரல் அறியும்போது உண்டாகும் மகிழ்ச்சியைப் போன கண்ணுக்கு ஈட்டுத்தொகையாகக் கருதுவதும் தவறே. கண் போனது இழப்புத்தான், அதை மறைப்பானேன்? கை கண்டது தனியொரு பேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிக் கழித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பார்வையுள்ள நாமே.

அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972-இல் எடுத்த ஆவணப்படத்தில், அக்கைகள் வேலை செய்வதைக் காட்டியிருக்கிறார்.