கையில் காசா, கைக்குத் தொழிலா?

 

உதவி கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டில் ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமுமே இருந்தன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விரண்டையும் ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றை வீட்டுச் சாப்பாட்டுக்கும் மற்றதைக் கோடரி வாங்கவும் கொடுத்தார்கள். கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பும் பொருத்தினார்கள். பதினைந்து நாளில் அவர் விறகு விற்றுப் பத்து திர்ஹத்துடன் திரும்பினார் என்று அபூதாவூதில் காண்கிறோம்.

கோலசிலாங்கூரிலும் தஞ்சோங் காராங்கிலும் நம் கடை வாசலில் ஊனமுற்ற ஒருவர் வந்து நின்றால் சில்லறை கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் காம்பு பொருத்திக் கொடுப்பவர் யார்?

கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை அண்ணலார் மூலையில் உட்கார வைத்துச் சோறு போடவில்லை. பாங்கு சொல்லும் பணியைத் தந்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்தார்கள்.

நம் நாட்டிலும் வழி உண்டு. சமூகநல இலாகா உடல் ஊனமுற்றோருக்காகப் பாங்கியில் 1999-ல் தொழிற்பயிற்சி, மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கியது. தையல், கணினி முதலிய தொழில்கள் அங்கே அரசாங்கச் செலவில் கற்பிக்கப்படுகின்றன. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய உரிமைகளை எழுதி வைத்தது. அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு ஒன்று அவர்களுக்கு என்ற விதியும் இருக்கிறது.

ஆனால் பெஸ்தாரி ஜெயா தோட்டத்து வீட்டிலிருந்து பாங்கி மாநிலத்தின் மறுகோடி. இலாகாவில் பதிந்து அட்டை வாங்க வேண்டும். பாரம் நிரப்ப வேண்டும். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்தே ஓய்ந்த தாய் தகப்பனுக்கு இதை யார் சொல்வது? எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தப் பிள்ளை வெளியே வருவதில்லை என்பது நம் பற்றுக் கணக்கு நோட்டுக்குத் தெரியுமே! மதம் பார்க்காமல் கேளுங்கள். இலாகாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அண்டை வீட்டார் உரிமை எல்லோருக்கும் உரியது.

பயின்று வந்தவருக்குக் கடையில் இடமும் கொடுங்கள். ஆனால் எச்சரிக்கை! ஊனமுற்றவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருமான வரியில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த லாபத்தையும் பெற்றுக்கொண்டு, "பாவம் என்று வைத்திருக்கிறேன்" என அரைச் சம்பளம் கொடுப்பது தர்மமல்ல, அநியாயம். வேர்வை உலருமுன் தரச் சொன்ன கூலி முழுக் கூலியே.

அல்லாஹுத்தஆலா நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் கைகளுக்குக் காம்பு பொருத்தும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.