உதவியவர் யார்?

தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு ஒருவன் பிறனுக்கு உதவினால், அது அன்பாகுமா?

1935ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் அக்ரன் நகருக்கு வியாபார விடயமாக வந்த பில் வில்சன், வந்த காரியம் தோற்று, விடுதி மண்டபத்தில் தனித்து நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே. ஒருபுறம் மதுச்சாலை ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. அவர் தேடியது புத்தி சொல்லும் பெரியவரையன்று, தம்மைப்போன்ற இன்னொரு குடிகாரனை! அவ்வூர்க் குருமாரை அழைத்து விசாரித்ததன் பயனாக வைத்தியர் பொப் ஸ்மித்தைச் சந்தித்தார். சமயக் குழுவொன்றில் இரண்டாண்டுக்குமேல் இருந்தும் குடியை விட முடியாதவர் இவ்வைத்தியர். கால்மணி நேரமே என்று வந்தவர், ஆறுமணி நேரத்துக்குமேல் பேசினார். இடையில் ஒருமுறை சறுக்கினாலும், ஜூன் மாதத்துடன் அவர் குடி நின்றது. ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ பிறந்த கதை இது.

பில் தம்மைக் காக்கவே போனார். அதனாலன்றோ வைத்தியர் செவிகொடுத்தார்! தன்னலம் கலந்ததால் அன்பு குறைந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

எம் வீடுகளிலோ, கோயிலில் சத்தியம் வாங்குகிறோம். அடுத்த கிழமை அது உடைந்தால் ஏசுகிறோம். கூட்டத்துக்குப் போவதென்றால் மட்டும், “ஊர் என்ன சொல்லும்?” (தவறணையில் அவரைக் காணாத ஊரா?) பங்குக் குருவையோ வைத்தியரையோ கேட்டு, கிட்டிய கூட்டத்தைத் தேடலாம். அங்கே கட்டணமில்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, குடியை விடும் விருப்பமொன்றே நிபந்தனை.

முதல்நாள் வாய்திறவாமல் இருந்துவிட்டும் வரலாம். பல ஆண்டு குடியாதிருப்பவர், தாம் வந்த பாதையை அந்தப் புதியவர் முகத்திலேயே காண்கிறார்.